சக்தி என்று நான் சொன்னது

ஏழு மாதம் நான் கடவுளோடு பேசிக்கொண்டிருந்ததாக நம்பினேன். அதன் பிறகு பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். இப்போது காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை சாப்பிடுகிறேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பழையபடி பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். குணமாகிவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வந்தது இன்னொருவருக்கு வந்தால், அல்லது அப்படி வந்த ஒருத்தியின் முன்னால் யாராவது கைகூப்பி உட்கார்ந்திருந்தால், அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். என்னை நியாயப்படுத்திக்கொள்ள எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், நடுவில் நான் நல்லவள் போலத் தெரியும் இடங்களும் வரும்.

நாங்கள் தென்காசிப் பக்கம். என் கணவர் சிதம்பரத்துக்கு சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. கொல்கத்தாவுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. முதலில் குவார்ட்டர்ஸில் இருந்தோம், பிறகு மகள் உமாவின் படிப்புக்காக டாக்குரியாவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தோம். உமா ஜாதவ்பூரில் படிக்கிறாள். அவள் கோபப்படுவதும் தூக்கத்தில் உளறுவதும் வங்காளத்தில்தான். எங்களுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் ஷிகாதி இருந்தார். ஷிகா அக்கா என்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஐம்பத்திரண்டு வயது, கணவர் இல்லை, ஒரே மகள் மிட்டு புனேயில் வேலையில் இருந்தாள். நான் இந்த ஊர் பாஷையைக் கற்றதே ஷிகாதியிடம்தான். நாங்கள் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் தடவை அது வந்தபோது நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே எழும்பியது. லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றில் ஒன்று புரளுமே, அது போல. கூடவே, அப்போதுதான் உரசிய தீக்குச்சியின் மணம். அது நெஞ்சைத் தாண்டித் தலைக்குள் போனதும், பூசணி, கத்தி, ஜன்னல் கம்பி, மழைச் சத்தம் எல்லாமே எனக்கு ஒரே விஷயத்தைச் சொல்வது போல இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, எதுவும் தவறவில்லை, யாரும் சாகவில்லை. அப்படியொரு சந்தோஷம் கல்யாணத்திலும் இல்லை, உமா பிறந்தபோதும் இல்லை. ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சொல்லும் நினைவுக்கு வரவில்லை. பூசணிக்காயின் பெயர்கூட.

வாரம் ஒரு முறை வந்தது, பிறகு மூன்று நான்கு முறை. ஃபோனில் தேடினேன், கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். முதுகுத்தண்டின் அடியில் சுருண்டிருக்கும் சக்தி எழும்பித் தலைக்கு ஏறும் என்றார்கள். எனக்கு நடந்தது அச்சு அசலாக அதுதான். ஒரு நோட்டில் பெயர்களை எழுதத் தொடங்கினேன். நம்மிடத்தில் சக்தி, கிறிஸ்தவர்களிடத்தில் பரிசுத்த ஆவி, முஸ்லிம்களிடத்தில் நூர் என்ற ஒளி, சீக்கியர்களிடத்தில் ஜோத் என்ற சுடர், சீனர்களிடத்தில் சீ என்னும் உயிர்மூச்சு. எல்லா மதமும் ஒரே ஆற்றைத்தான் வேறு வேறு படித்துறையிலிருந்து பார்க்கிறது, நான் அந்த ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டேன் என்று எழுதினேன். நான்கு நோட்டுகள் நிறைந்தன. விரல் வலிக்க எழுதினேன். அப்படி நிறுத்தாமல் எழுதுவதும் நோயின் ஒரு குறியாக இருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஷிகாதியிடம் மட்டும் சொன்னேன். ஒரு நாள் அவர் எதிரிலேயே வந்தது. கண் தெளிந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "உன் முகத்துல அம்மா வந்து நின்னா கோமதி. நான் பார்த்தேன்," என்றார். அம்மா என்றால் காளி. அன்றிலிருந்து என்னைவிட ஆறு வயது பெரியவரான அந்தப் பெண் என்னை 'மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் மூலம் இன்னும் சில பெண்கள் வந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் பாய் விரித்து ஷிகாதியோடு சேர்த்து எட்டுப் பேர் உட்காருவார்கள். நான் நோட்டிலிருந்து வாசிப்பேன். சில நாள் அது வரும், சில நாள் வராது. வராத நாளில் அவர்கள் மனத்தில் அழுக்கு இருக்கிறது என்று சொன்னேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

வீட்டில் பால் பொங்கி வழிந்தது, குக்கர் அடிப்பிடித்தது. ஒரு முறை கொதிக்கிற எண்ணெயில் கைபட்டு வெந்துபோனது, எனக்குத் தெரியவே இல்லை. "கோமதி, ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம். என்னமோ சரியில்ல," என்று என் கணவர் சொன்னபோது, யார்டில் வண்டிப்பெட்டி எண்ணுகிறவருக்கு இது எப்படிப் புரியும் என்று நினைத்தேன். வாயாலும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இனி எழுதப்போவதுதான் எழுத வேண்டியது. துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு மத்தியான நேரம், ஷிகாதி கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தார். ரவிக்கைக்கு மேலேயே தெரிந்தது. எலுமிச்சம்பழ விதையைவிடப் பெரியது, கொட்டைப்பாக்கைவிடச் சிறியது. கல் போல இருந்தது, நகரவில்லை.

"மிட்டுகிட்ட சொல்லல. சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா," என்றார். "நீ கை வச்சா போதும் மா."

நான் கையை எடுக்கவில்லை. உள்ளங்கை சூடாவது போல எனக்குத் தோன்றியது. "கரைஞ்சு போயிடும் ஷிகாதி," என்றேன்.

டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாகப் பிறகு பல நாள் என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். சொல்லவில்லை.

இங்கே தை மாசியில் வரும் சரஸ்வதி பூஜை முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை, நான் வாசித்துக்கொண்டிருந்தபோது தீக்குச்சி மணம் வந்தது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. மற்றதை உமா சொல்லித்தான் தெரியும். அவள் வகுப்பு முடிந்து படியேறும்போதே சங்குச் சத்தம் கேட்டிருக்கிறது. கதவைத் திறந்தால் நான் தரையில் கிடக்கிறேன். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயிலிருந்து ரத்தமும் நுரையும், புடவை நனைந்திருக்கிறது. பெண்கள் என்னைச் சுற்றி நின்று குலவையிடுகிறார்கள். ஒருத்தர் சங்கு ஊதுகிறார். ஷிகாதி என் காலைத் தொட்டுத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"நான் கத்தினேன்மா," என்றாள் உமா. "ஒருத்தரும் திரும்பல. சங்கை அவங்க கையிலருந்து பிடுங்கிப் போட்டேன். அப்புறம்தான் பார்த்தாங்க."

கண் விழித்தது பைபாஸ் பக்கம் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில். நாக்கு வீங்கி வாயை அடைத்திருந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. என் கணவர் யார்டிலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டையில் கிரீஸ் கறை. என் புடவையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். "ஒண்ணுமில்ல. நான் இங்கதான இருக்கேன்," என்றார். அவரிடம் நான் பேசியதெல்லாம் நினைவிருக்கிறதா என்று கேட்க நாக்கு ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, குழாய் போன்ற எந்திரத்துக்குள் படுக்கவைத்து, தலையை அசைக்காமல் முக்கால் மணி நேரம். உள்ளே சுத்தியலால் தகரத்தை அடிக்கிற சத்தம். சக்தியைக் கூப்பிட்டேன். வரவில்லை. காத்திருக்கும் இடத்தில் உமாவும் அவரும் ஒரு பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் செருப்பு இருந்தது.

நரம்பியல் டாக்டர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், எதையும் அவசரமாகச் சொல்லாதவர். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். வலது காதுக்கு மேலே, உள்ளுக்குள், மோதிரம் போல ஒரு வெள்ளை வட்டம். அதன் நடுவில் ஒரு புள்ளி.

"இது நாடாப்புழுவோட குஞ்சு," என்றார். "வட்டம் அதோட பை. புள்ளி அதோட தலை. சுத்தி மூளை வீங்கியிருக்கு. நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்னு பேரு. நம்ம நாட்டுல வலிப்புக்கு இது ரொம்ப சாதாரணமான காரணம்."

என் கணவருக்குக் குரல் உயர்ந்தது. "டாக்டர், நாங்க சைவம். முட்டைகூடத் தொட மாட்டோம். புழு எப்படி வரும்?"

"கறியில இருந்து இது வர்றதில்ல. புழு இருக்கற மனுஷனோட மலத்துல முட்டை இருக்கும். அந்தக் கை, அந்தத் தண்ணி, அந்த மண்ணுல விளைஞ்ச கீரை. சரியாக் கழுவலன்னா யாருக்கும் வரலாம். முட்டை வயித்துல பொரிஞ்சு, ரத்தத்துல ஏறி, எங்க போய் தங்கணுமோ அங்க தங்கும். இவங்களுக்கு டெம்போரல் லோப். நினைவு, பயம், சந்தோஷம், வாசனை எல்லாத்துக்கும் சம்பந்தப்பட்ட இடம்."

பிறகு என்னிடம் கேட்டார். வயிற்றிலிருந்து எழும்புமா, இல்லாத வாசனை வருமா, முன்பே நடந்த மாதிரி இருக்குமா, பிறகு வார்த்தை வராமல் போகுமா. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். என் நான்கு நோட்டுகளையும் படித்துவிட்டு வந்தவர் போல இருந்தது. மூளை மின்சாரத்தில் வேலை செய்கிறது, ஓரிடத்தில் தூண்டல் வந்தால் அங்கே மின்சாரம் தாறுமாறாகப் பாயும், அது சின்ன இடத்தில் நின்றால் நான் கண்டது, மூளை முழுக்கப் பரவினால் அன்று விழுந்தது என்று விளக்கினார். சந்தோஷத்தைத் தரும் வலிப்பு அரிது, ஆனால் உண்டு என்றார்.

"அப்போ அது கடவுள் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது எங்கிருந்து கிளம்புதுன்னு என்னால காட்ட முடியும். நீங்க கேக்கறதுக்கு என்கிட்ட ஸ்கேன் இல்ல," என்றார்.

புழுவைக் கொல்லும் மருந்தை உடனே தரவில்லை. முதலில் கண் டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்குள்ளும் ஒரு பை இருந்து அதைக் கொன்றால் பார்வை போய்விடுமாம். கண்ணில் இல்லை. புழு சாகும்போது மூளை இன்னும் வீங்கும் என்பதால் வீக்கம் குறைய ஸ்டீராய்டு, வலிப்பை அடக்க மாத்திரை, பிறகுதான் புழு மருந்து. ஸ்டீராய்டு தூக்கத்தைப் பிடுங்கியது. வலிப்பு மாத்திரை காரணமில்லாத கோபத்தைத் தந்தது. தயிர்சாதத்தில் உப்பு குறைவென்று உமா மேல் ஸ்பூனை எறிந்தேன். அவள் அதைக் கழுவி எடுத்து வந்து மறுபடி ஊட்டினாள்.

நான்காம் நாள் வீடியோ ஈ.ஈ.ஜி. மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்ய, தலை முழுக்க ஒரு பசையைத் தடவி இருபதுக்கு மேற்பட்ட ஒயர்களை ஒட்டினார்கள். எதிரே ஒரு கேமரா. ஒரு நாள் முழுக்க அப்படியே படுத்திருக்க வேண்டும். மத்தியானம் அது வந்தது. சின்னதாக, மருந்தில் நனைந்து, ஆனாலும் அதேதான். எல்லாம் சரியாக இருக்கிறது, எதுவும் தவறவில்லை.

மறுநாள் நான்தான் வீடியோவைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தேன். டாக்டர் தன் கம்ப்யூட்டரில் போட்டார், உமா அதைத் தன் ஃபோனில் எடுத்துக்கொண்டாள். கட்டிலில் ஒரு பெண். திடீரென்று அவள் கண் நிலைகுத்துகிறது. வாய் கோணுகிறது. உதடுகள் எதையோ சப்புக்கொட்டி மெல்லுகின்றன. எச்சில் வழிகிறது. வலது கை போர்வையைக் கிள்ளுகிறது, விடுகிறது, கிள்ளுகிறது. நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவள் பசுவைப் போலப் பார்க்கிறாள். ஐம்பது வினாடி. உலகமே எனக்குள் ஒன்றாகிப்போன நேரம், வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் என் கணவர் ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, தலைமயிரில் காய்ந்து கட்டியிருந்த பசையை ஒவ்வொரு இழையாக ஊறவைத்து எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இழுத்தால் வலிக்குமென்று நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். "வண்டிப்பெட்டி எண்ணுற ஆளுன்னு சொன்னேன்லா உங்கள," என்றேன். "அதான, எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். பேசாம குனி," என்றார். நான் வாளிக்குள் பார்த்து அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் ரஹிமா. முர்ஷிதாபாத் பக்கத்துக் கிராமம், வயது முப்பதுகூட இருக்காது. அவளுக்கும் வலிப்புதான், வேறு காரணம். வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து ஒரு கை முழங்கை வரை வெந்திருந்தது. ஜின் பிடித்திருக்கிறது என்று இரண்டு வருடம் தாயத்து கட்டி, மிளகாய்ப் புகை போட்டு, அடித்தும் பார்த்திருக்கிறார்கள். என் கதையை உமா அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு வரும்போது நல்லா இருக்குமா?" என்று ரஹிமா கேட்டாள்.

"ரொம்ப."

"எனக்கு ஒரு கறுப்பு நாய் வரும் தீதி. வாசல்ல நின்னு என்னையே பார்க்கும். உங்க வீட்டுக்கு அல்லா வந்தாரு, எங்க வீட்டுக்கு நாய் வந்துச்சு." அவள் கட்டுப்போட்ட கையால் மேசையைக் காட்டினாள். "டாக்டர் ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான் தர்றாங்க, பார்த்தீங்களா?"

பார்த்தேன். இருவர் கிண்ணத்திலும் அதே வெள்ளை மாத்திரை. அவளை அடித்தார்கள், என் காலில் விழுந்தார்கள். வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அப்போதுதான் ஷிகாதியின் மார்பு என் உள்ளங்கையில் மறுபடி வந்து உட்கார்ந்தது. ஐந்து மாதமாகியிருந்தது. உமாவிடம் சொல்லி அவரை வரவழைத்தேன்.

ஆறாம் நாள், பார்வையாளர் நேரத்தில் ஷிகாதி வந்தார். கோயில் செம்பருத்திப் பூவைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து என் தலையணைக்கடியில் வைத்தார். இளைத்திருந்தார்.

"ஷிகாதி, எனக்கு வந்தது வியாதி. தலைக்குள்ள புழு. நான் சொன்னது எல்லாம் தப்பு. நீங்க நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் என் கன்னத்தைத் தடவினார். "இது உனக்கு வந்திருக்கற சோதனை மா. பெரிய பெரிய சாதுக்களையே பைத்தியம்னு கட்டிப்போட்ட உலகம் இது."

உமாவின் ஃபோனை வாங்கி வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். இதைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அவர் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது.

"இதைத்தானே நான் எப்பவும் பார்த்தேன்," என்றார். "இதுதான் அம்மாவோட முகம்."

என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. உண்மையைச் சொன்னேன், அது எடுபடவில்லை. அவர் நம்பிய ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் தலையணையில் சாய்ந்து, கண்ணை மேலே நிலைகுத்தி, உதட்டை மெல்ல ஆரம்பித்தேன். போர்வையைக் கிள்ளினேன். வீடியோவில் பார்த்தபடியே செய்தேன். பிறகு அடிக்குரலில், "நாளைக்கு விடியட்டும், டாக்டர்கிட்ட போ. அந்த டாக்டர் கையிலயும் நான்தான் இருக்கேன். போகலன்னா நான் உன் வீட்டுல இருக்க மாட்டேன்," என்றேன்.

ஷிகாதி அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். உமா நிஜமாகவே வலிப்பு என்று நினைத்து மணியை அடித்தாள். நர்ஸ் ஓடிவந்தார், இன்னொருவர் ஆக்ஸிஜன் கொண்டுவந்தார், என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். ஷிகாதியை வெளியே போகச் சொன்னார்கள். கதவுவரை கைகூப்பியபடியே பின்னால் நடந்து போனார். என்னால் நிறுத்தவும் முடியவில்லை, நிறுத்தினால் அவர் பார்த்துவிடுவாரே.

ஊசியைத் தூக்கியபோதுதான் நர்ஸின் கையைப் பிடித்து, நடித்தேன் என்றேன். அவர் நம்பாமல் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டியையும் சேர்த்து. உமா அதை அன்றுதான் முதலில் கேட்டாள். என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு, "அவங்க முழுப்பேரைச் சொல்லுங்க. சர்ஜரி ஓ.பி.யில நாளைக்குக் காலையில பார்க்கச் சொல்றேன்," என்று எழுதிக்கொண்டார்.

ஷிகாதி போனார். குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, ஏதோ நேர்த்திக்கடனுக்குப் போவது போலப் போனார். கட்டியில் ஊசி குத்தித் துளி சதை எடுத்துச் சோதிப்பதை பயாப்ஸி என்கிறார்கள். அதன் முடிவு நான் வீடு திரும்பிய வாரம் வந்தது. புற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அக்குளுக்கும் முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இனிப் பயனில்லை, ஊசி மருந்தால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார்கள். ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஷிகாதியைப் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். "வித்தியாசம் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாது," என்றார். அந்தச் 'சொல்ல முடியாது' எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மிட்டு வேலையை விட்டுவிட்டு வந்தாள். கீமோ போட்டுத் தலைமயிர் கொட்டியது, வாய் முழுக்கப் புண். நான் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். மூன்றாம் மாதம் எனக்கு மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மோதிரம் சுருங்கிக் கடுகளவு தழும்பாகியிருந்தது. நல்ல செய்தி என்று டாக்டர் கை குலுக்கினார். அன்று வீட்டுக்குத் திரும்பி இரண்டாம் மாடியைத் தாண்டி ஏறுவது பெரும் பாடாக இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. கோயிலில் நிற்கிறேன், விளக்கு விளக்காகவும் கல் கல்லாகவும் இருக்கிறது. ரோட்டோர மசூதியின் பாங்கு கேட்கும்போதும், பக்கத்து தேவாலயத்தின் மணி கேட்கும்போதும் காதைக் கொடுத்துப் பார்க்கிறேன். சத்தம் மட்டும்தான் வருகிறது. மற்றவர்கள் இப்படித்தான் இத்தனை காலமும் சாமி கும்பிட்டார்களா, எதுவும் திரும்ப வராமலேயே? அவர்கள் மேல் எனக்கு இப்போது பெரிய மரியாதை வந்திருக்கிறது.

ஷிகாதி ஆவணி மாத மழையில் இறந்தார். வியாழக்கிழமைப் பெண்கள் ஏழு பேர் வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். இருவர் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தர், எனக்கு ஒற்றைத் தலைவலி போனது உன்னால்தான் என்று சாதித்தார்.

காரியம் முடிந்த மறுநாள் இரண்டாம் மாடிக்குப் போனேன். மிட்டு அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். மருத்துவமனைக் காகிதங்கள் கட்டிலில் பரந்து கிடந்தன.

"ஆன்ட்டி, கட்டி ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. அம்மா யார்கிட்டயுமே சொல்லலியா?"

சொன்னேன். துர்கா பூஜைக்கு முந்தைய அந்த மத்தியானத்திலிருந்து மருத்துவமனையில் நடித்தது வரை எதையும் விடாமல் சொன்னேன்.

"நீங்க ஆஸ்பத்திரியில நடிச்சது அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். கடைசி வாரம் நானே சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"'அப்போ அதுக்கு முன்னாடி நடிக்கல இல்ல?'ன்னு கேட்டாங்க. இல்ல ஷிகாதி, முன்னாடி நடிக்கல, நிஜமா நம்பினேன்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டாங்க."

மிட்டு ஒரு பெரிய படுக்கை விரிப்பை எடுத்து உதறினாள். "நடிச்சிருந்தா உங்களைப் போலீஸ்ல குடுத்திருப்பேன் ஆன்ட்டி," என்றாள். "நம்பினேன்னு சொல்றீங்க. உங்களை நான் என்ன பண்றது?"

விரிப்பு தரையில் புரண்டது. ஒற்றை ஆளாக மடிக்க முடியாத அகலம். நான் குனிந்து மறுமுனையை எடுக்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம்," என்றாள். "நானே மடிச்சுக்கறேன்."